எதிர்வீட்டு வெளிச்சம்

கல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் அந்தச் சந்துக்குள் ஒரு கார் நுழைந்தால், எதிரே வரும் ரிக்‌ஷா யாராவது வீட்டு கேட்டை ஒட்டி ஒதுங்கித்தான் ஆகவேண்டும். அவ்வளவு குறுகல். சந்தின் இந்தப் பக்கம் சுலோசனாவின் முதல் மாடிப் படுக்கையறை ஜன்னல். அந்தப் பக்கம் ஷிப்ராதி வீட்டு பால்கனி. குரலை உயர்த்தாமலே இங்கிருந்து அங்கே பேசலாம். கால் நூற்றாண்டாகப் பேசியும் வந்தார்கள். மீனையே தொடாத சுலோசனாவிடம் இலிஷ் மீன் விற்கிற விலையைச் சொல்லிப் புலம்பாவிட்டால் ஷிப்ராதிக்குக் காலைப்பொழுது விடியாது.

ஷிப்ரா லாஹிரி என்பது முழுப்பெயர். வங்காளத்தில் அக்காவைத் தீதி என்பார்கள். பெயரோடு ஒட்டும்போது அது 'தி' என்று சுருங்கிவிடும். சுலோசனாவைவிடப் பத்து வயது மூத்தவள். சுலோசனா இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போய்வந்த வருஷங்களில், பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் ஸ்மிதா நேராக ஏறுவது ஷிப்ராதி வீட்டுப் படிகளைத்தான். அங்கேதான் சாப்பாடு, தூக்கம், வீட்டுப்பாடம் எல்லாம். ஷிப்ராதியை அவள் 'மாஷி', பெரியம்மா, என்றுதான் கூப்பிடுவாள். இன்றைக்கும் ஸ்மிதாவுக்குத் தமிழைவிட வங்காளிதான் சரளமாக வரும். கோபம் வந்தால் வங்காளி மட்டும்தான் வரும்.

போன குளிர்காலத்தில் ஷிப்ராதியின் கணவர் லாஹிரி பாபு காலமானார். காரியங்கள் முடிகிறவரை சுலோசனா தினமும் போய் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு போகமுடியவில்லை. அவள் கணவர் வெங்கடநாராயணனுக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. பார்க்கின்சன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதும், ஸ்பெஷலிஸ்டைத் தேடி அலைவதுமாக மாதங்கள் ஓடின. பாங்கில் முப்பது வருஷம் கையெழுத்துப் போட்ட மனிதர், காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஜன்னலில் நின்று பேச சுலோசனாவுக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. 'நாளைக்குப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை போகலாம்' என்று தள்ளிப்போட்டதில் வெயில் காலம் போய் மழைக்காலம் வந்துவிட்டது.

அந்த மழையில்தான் ஷிப்ராதியின் மகன் சௌமிக் பூனாவிலிருந்து வந்தான். அம்மா தனியாக இருக்கிறாளே என்று வீட்டைச் சுற்றி காமெரா வைத்தான். பால்கனிக்கு மேலே, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, இரண்டு வெள்ளை ஃபோகஸ் லைட்டுகளையும் மாட்டினான். பூனாவில் இருந்தபடியே போனில் அவற்றைப் போடவும் அணைக்கவும் முடியும். விளக்குகள் அவர்கள் வீட்டு கேட்டையும் சுவர் ஓரத்தையும் பார்த்து எரிந்தன. சுலோசனா அதைப் பார்த்து, நல்ல காரியம் செய்தான் பிள்ளை என்றுதான் நினைத்தாள்.

ஆனால் ஒரு மாதம் கழித்து, ஒருநாள் மாலை விளக்கு வைக்கிற நேரத்தில், படுக்கையறை சட்டென்று வெளுத்தது. எதிர்வீட்டு விளக்குகளில் ஒன்று திரும்பியிருந்தது. சந்தைத் தாண்டி, இவர்கள் ஜன்னலுக்கு நேராக.

திரையை இழுத்துவிட்டாள். திரையின் பூக்கள் எல்லாம் சுவரில் நிழலாக விழுந்தன. அதன் மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள். வெளிச்சம் குறைந்தது, கூடவே காற்றும் நின்றது. புரட்டாசிக்கு முந்தைய கல்கத்தாப் புழுக்கத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு யாரால் படுக்கமுடியும்? பின்னறைக்குப் போகலாம் என்றால், அங்கிருந்து பாத்ரூமுக்கு நீளக் கூடத்தைத் தாண்டவேண்டும். கால் தள்ளாடுகிறவரை அங்கே படுக்கவைக்க அவளுக்குத் துணிவில்லை.

அந்த நோய்க்காரருக்கு ஏற்கெனவே கோழித்தூக்கம். இப்போது அதுவும் போயிற்று. "கண்ணை மூடிண்டாலும் உள்ளே வெள்ளையா இருக்கு, சுலோ," என்றார். "ஷிப்ராதிகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னா மாட்டேன்னா சொல்லப்போறா?"

"சொல்றேன்," என்றாள் சுலோசனா.

அந்த ஞாயிற்றுக்கிழமை நியூ டவுனிலிருந்து ஸ்மிதா வந்தாள். கட்டடங்களுக்கு உள்ளலங்காரம் செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை; விளக்குகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள். ஜன்னலில் நின்று எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"இது ஒண்ணுமே இல்லைம்மா. லைட்டோட தலை மேல பாத்துண்டு இருக்கு. அதைக் குனிய வெச்சா போறும், வெளிச்சம் தரையில விழும். மேலே ஒரு தகரமோ எதாவதோ மறைப்பா கட்டினா பக்கவாட்டுல சிந்தாது. இந்தக் கண்ணைக் கூசற வெள்ளையை எடுத்துட்டு மஞ்சள் பல்ப் போடணும். யாராவது நடந்தா மட்டும் எரியற மாதிரி சென்ஸார்கூட இருக்கு. ஷிப்ரா மாஷிகிட்ட நானே போய்ச் சொல்றேனே."

"வேண்டாம், வேண்டாம். நான் சொல்லிக்கறேன்."

"எப்போ?"

"சொல்றேன்டி."

அவள் சொல்லவில்லை. அதற்கான காரணத்தைக் கேட்டிருந்தால் அன்றைக்கு அவளுக்கே பதில் தெரிந்திருக்காது. இத்தனை மாதம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, இப்போது விளக்கைக் குறை சொல்வதற்காகவா படியேறுவது என்ற கூச்சம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கோபம். ஜன்னலில் போர்வை தொங்குவது ஷிப்ராதிக்குத் தெரியவில்லையா? தினமும் பால்கனியில் வந்து நிற்கிறாளே, கண் இல்லையா? அவளாகவே கேட்டிருக்கவேண்டாமா, 'என்ன சுலோ, வெளிச்சம் உறுத்துகிறதா' என்று? அப்படிக் கேட்காதவளிடம் நான் ஏன் போய் நிற்கவேண்டும்? கூச்சத்தைவிடக் கோபத்தைச் சுமப்பது எளிதாக இருந்தது. நாளாக ஆக அவள் அதையே சுமந்தாள்.

ஒருநாள் காலையில் வெங்கடநாராயணனின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. சட்டை, வேட்டி, தரை எல்லாம் காபி. அது புதிதல்ல. ஆனால் அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "தூக்கம் இல்லேன்னா கை இன்னும் மோசமா ஆடறது," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

சுலோசனா தரையைத் துடைத்தாள், அவருக்குச் சட்டை மாற்றினாள், அவரைச் சாய்த்துப் படுக்கவைத்தாள். பிறகு போனை எடுத்தாள். முந்தைய இரவு எரிச்சலில் எடுத்த படம் ஒன்று அதில் இருந்தது: போர்வையின் விளிம்பிலிருந்து வெளிச்சம் பீறிட்டு, அவர் தலையணைமேல் கோடாக விழுகிற படம். அந்தத் தெருக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. தண்ணீர் வராதது, நாய் காணாமல் போனது, பூஜைக் கமிட்டிக் கூட்டம் எல்லாம் அதில்தான். படத்தை அதில் போட்டு, கீழே வங்காளியில் எழுதினாள்: 'ஒருவர் வீட்டுப் பாதுகாப்பு இன்னொரு வீட்டு நோயாளியின் தூக்கத்தைத் தின்கிறது. இதற்கு என்ன வழி?'

பெயர் எழுதவில்லை. எழுதாததால் தப்பில்லை என்று அப்போது தோன்றியது.

அரைமணி நேரம் கழிந்தது. பிறகு மூலை வீட்டுக்காரர் ஒருவர், 'இது லாஹிரி வீட்டு விளக்கு அல்லவா?' என்றார். அவ்வளவுதான். தெருவே விழித்துக்கொண்டது. தன் பால்கனியிலும் அந்த வெளிச்சம் விழுகிறது என்றார் ஒருவர். கிரிக்கெட் மேட்ச் வைக்கலாம், டிக்கெட் எங்கே கிடைக்கும் என்றார் இன்னொருவர். ஒரு இளவட்டம், 'பாட்டிக்கு தாத்தாவின் ஆவி பயமோ?' என்று எழுதி, சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டது. அதற்கும் சிலர் சிரித்தார்கள். கமிட்டிச் செயலாளர் சுதீப் பாபு வந்து, 'லாஹிரி குடும்பத்தார் தயவுசெய்து கவனிக்கவும்' என்று முடித்துவைத்தார்.

ஆவி என்ற வார்த்தையை சுலோசனா இரண்டு தடவை படித்தாள். லாஹிரி பாபு செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 'அப்படியெல்லாம் பேசாதீர்கள்' என்று எழுத விரல் போயிற்று. அதற்குள் வெங்கடநாராயணன் கூப்பிட்டார். போய்விட்டாள்.

அன்று மாலை எதிர்வீட்டில் விளக்கு எரியவில்லை. இரண்டில் ஒன்றுகூட. போர்வையை எடுத்து மடித்து வைத்தாள், ஜன்னலை விரியத் திறந்தாள். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. வெங்கடநாராயணன் நன்றாகத் தூங்கினார். அவளும் தூங்கினாள். காலையில் எழுந்தபோது, இதை முன்னாடியே செய்திருக்கலாமே என்று நினைத்தாள். பின்னால் அவளுக்குத் தன்மேல் மிகவும் வெறுப்பு வந்தது இந்த நினைப்புக்காகத்தான்.

ஷிப்ராதி பால்கனிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கொடியில் துணி உலர்த்துவது, துளசிக்கு நீர் விடுவது எல்லாவற்றையும் வேலைக்காரப் பெண்தான் செய்தாள். பால்கனிக் கதவு உடனே சாத்திக்கொண்டது. உடம்புக்கு என்னவோ என்று சுலோசனா தன்னைத் தானே ஏமாற்றிப் பார்த்தாள். ஸ்மிதா போனில் வந்தபோது அதுவும் முடியாமல் போயிற்று.

"அம்மா, குரூப்ல நீ போட்டதை யாரோ எனக்கு அனுப்பினா. நீ நேர்ல பேசலையா?"

"பேர் போடலைடி நான்."

"ஷிப்ரா மாஷியும் அந்த குரூப்ல இருக்கா. சௌமிக்கும் இருக்கான். உனக்குத் தெரியாதா?"

சுலோசனாவுக்குத் தெரியும். ஷிப்ராதி போனைப் பார்க்கிறவள் இல்லை என்று நினைத்திருந்தாள். இல்லை, அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு பகல்பொழுது, அவள் சந்தைக் கடந்து அந்தப் படிகளில் ஏறினாள். கதவைத் திறந்தது ஷிப்ராதியேதான். இளைத்திருந்தாள். வெள்ளைப் புடவையில் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள்.

"ஆஷுன்," என்றாள். வாருங்கள்.

சுலோசனா வாசலிலேயே நின்றுவிட்டாள். கால் நூற்றாண்டாக அவளை 'துமி' என்று, நீ என்று அழைத்த வாய் அது. 'எஷோ', வா, என்றுதான் எப்போதும் சொல்லும். இப்போது மரியாதை வந்துவிட்டது.

உள்ளே உட்காரவைத்து ஃபானைப் போட்டாள். டீ வந்தது. வெங்கட் பாபு இப்போது எப்படித் தூங்குகிறார் என்று விசாரித்தாள். அந்த விசாரிப்பில் குத்தல் எதுவும் இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை.

"ஷிப்ராதி, நான் குரூப்பில் அப்படிப் போட்டிருக்கக்கூடாது."

"உங்களுக்குக் கஷ்டம், சொன்னீர்கள். சௌமிக் அன்றைக்கே பூனாவிலிருந்து அணைத்துவிட்டான். எனக்கு அந்தப் போனில் எதுவும் செய்யத் தெரியாது." டீயை இவள் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "அதைத் திருப்பச் சொன்னதே நான்தான்."

"எதை?"

"விளக்கை. முதலில் அது உங்கள் பக்கம் பார்க்கவில்லையே. வெங்கட் பாபு விழுந்தாரே, அதற்கு அப்புறம்தான் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஒன்றை அந்த கேட்டுப் பக்கம் திருப்பு என்றேன்."

"விழுந்தாரா? எப்போது?"

ஷிப்ராதி அவளை ஆச்சரியத்தோடு பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? அன்றைக்கு மழை. ஏரிக்கரையில் நடந்துவிட்டு இருட்டினபின் வந்தார். உங்கள் கேட்டுக்கு முன்னால் சாக்கடை மூடிய கல் ஒன்று தூக்கிக்கொண்டிருக்கிறதே, அதில் தடுக்கி விழுந்தார். நான் பால்கனியில் இருந்தேன். எங்கள் பெண்ணை ஓடச் சொல்லித் தூக்கிவிட்டேன். முழங்காலில் ரத்தம். உங்களிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், பயப்படுவீர்களாம். அந்த இடத்தில் தெருவிளக்கு வெளிச்சம் படாது. இரண்டு விளக்கு நமக்கு எதற்கு, ஒன்று அவருக்கு இருக்கட்டுமே என்று நினைத்தேன்."

சுலோசனாவின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஜன்னலில் போர்வை தொங்குவதைப் பார்த்தேன்," என்றாள் ஷிப்ராதி. "நீங்கள் பேசுவதே இல்லையே, அதனால் என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் மறைத்துக்கட்டியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். வீட்டில் சாவு நடந்தால் சில பேர் விலகிப்போவார்கள். நீங்கள் அப்படியில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை ஜன்னலிலிருந்து கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்."

சுலோசனாவுக்கு அழுகை வந்தது. அழுதால் ஷிப்ராதி தேற்ற வேண்டியிருக்கும் என்பதால் அடக்கிக்கொண்டாள். தப்பு என்னுடையது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஷிப்ராதி ஒவ்வொரு தடவையும், "பரவாயில்லை, பரவாயில்லை," என்றாள். கடைக்காரியிடம் சில்லறை இல்லாதபோது சொல்கிற மாதிரி இருந்தது அது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டாள். "நீங்க விழுந்தேளா?"

வெங்கடநாராயணன் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா நீ என்னை வெளியிலயே விடமாட்டியேன்னு..."

"அந்த லைட்டு உங்களுக்காகத் திருப்பினதாம்."

அவர் ஜன்னல் வழியே எதிர்வீட்டை எட்டிப் பார்த்தார். பிறகு நடுங்குகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, "நான்கூட அப்படி யோசிக்கலையே, சுலோ," என்றார். "கல் கண்ணுக்கு நன்னாத் தெரியறதேன்னு சந்தோஷப்பட்டுண்டுதான் கேட்டுக்குள்ள வருவேன். மாடிக்கு வந்து அதே வெளிச்சத்தைத் திட்டுவேன்."

அன்றைக்கே அவள் குரூப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். விளக்கு எதற்காகத் திருப்பப்பட்டது என்பதையும், தான் நேரில் பேசாதது தன் தவறு என்பதையும் எழுதினாள். நாலைந்து கைகூப்புகள் வந்தன. 'நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும் மாஷிமா, நல்லவேளை யாராவது சொன்னீர்களே' என்றது ஒரு பதில். அடுத்த செய்தி பூஜைக்குத் தண்ணீர் லாரி எங்கே நிற்பது என்பது பற்றி. சிரித்தவர்கள் யாரும் தாங்கள் சிரித்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவிழ்த்துவிட்டதைத் தன்னால் திரும்பக் கட்டமுடியாது என்று சுலோசனாவுக்குப் புரிந்தது.

துர்க்கா பூஜை வந்தது. சந்து முனையில் பந்தல் எழுந்தது. சந்து நெடுக, இரண்டு பக்க வீடுகளுக்கும் குறுக்கே, அலங்கார விளக்குக்குப் பேர்போன சந்தன்நகரிலிருந்து வந்த விளக்குச் சரங்கள். மயில் தோகை விரிக்கும், மடக்கும், சிவப்பாகும், நீலமாகும். ஒரு சரம் சுலோசனாவின் ஜன்னலை உரசிக்கொண்டே போயிற்று. போர்வையை மறுபடி மாட்டினாள். வெங்கடநாராயணன் ஐந்து நாளும் சரியாகத் தூங்கவில்லை. தெருவில் யாரும் அதைக் குறை சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஊர் கூடிப் போட்ட விளக்கிடம் வராத வீரம், தனியாக இருந்த ஒருத்தியிடம் மட்டும் எப்படி வந்தது என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அம்மன் சிலையை ஆற்றில் கரைத்த மறுநாள், பெரியவர்களை வீடு தேடிப் போய் வணங்குவது வழக்கம். சுலோசனா போனாள். ஸ்மிதாவும் கூட வந்தாள். ஷிப்ராதி இருவர் தலையிலும் கை வைத்தாள். தேங்காய் உருண்டைகளைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். ஸ்மிதாவிடம் பழைய மாதிரியே பேசினாள், அவள் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"காளி பூஜை முடிந்ததும் பூனாவுக்குப் போகிறேன். சௌமிக் டிக்கெட் எடுத்துவிட்டான்."

"எத்தனை நாளைக்கு மாஷி?" என்றாள் ஸ்மிதா.

"திரும்பிவரும் டிக்கெட் எடுக்கவில்லை, மா."

சௌமிக் வெகுநாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தானாம். அக்கம்பக்கம் எல்லாம் நம் மனிதர்கள்தான், எனக்கு என்ன பயம் என்று அவள் மறுத்துக்கொண்டே இருந்தாளாம். குரூப்பில் எழுதியதையெல்லாம் அவனும் படித்தான். 'இவர்களை நம்பியா நீ அங்கே தனியாக இருக்கிறாய்' என்று கேட்டான். "அதற்கு என்னிடம் பதில் இல்லை," என்றாள் ஷிப்ராதி. அதை சுலோசனாவைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சொன்னாள்.

படியிறங்குவதற்கு முன்னால் சுலோசனா கேட்டாள்: "அந்த விளக்கை நாங்கள் சரிசெய்து தரலாமா? நீங்கள் போனபின் வீடு பூட்டிக்கிடக்கும். விளக்கு வேண்டும். ஸ்மிதாவுக்கு அந்த வேலை தெரியும்."

ஷிப்ராதி யோசித்தாள். "செய்யுங்கள்," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஸ்மிதா தன் கம்பெனியில் வேலை செய்கிற ஒருவரை ஏணியோடு அழைத்துவந்தாள். சௌமிக்கிடம் அவளே பேசிச் சம்மதம் வாங்கியிருந்தாள். விளக்கை மொட்டைமாடி உயரத்திலிருந்து கழற்றி, பால்கனிக்குக் கீழே இறக்கினார்கள். தலையை நன்றாகக் கவிழ்த்து, மேலேயும் பக்கத்திலும் கறுப்புத் தகரத்தால் குல்லாய் போட்டார்கள். வெள்ளையை எடுத்துவிட்டு மஞ்சளான பல்பைப் பொருத்தினார்கள். ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரிகிற சென்ஸாரையும் வைத்தார்கள். டீ குடித்த நேரத்தையும் சேர்த்தால்கூட, ஒரு சினிமா பார்க்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பொழுது சாய்ந்ததும் எல்லோரும் சந்தில் இறங்கி நின்றார்கள். ஷிப்ராதியும் வேலைக்காரப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வெங்கடநாராயணன் கேட்டை நோக்கி நாலு அடி வைத்தார். விளக்கு எரிந்தது. அந்தத் தூக்கிய கல்லைச் சுற்றி, கோலம் போடுகிற அளவுக்கு ஒரு வட்டம், மஞ்சளாக. அதைத் தாண்டி எதுவும் இல்லை. சுலோசனா அண்ணாந்து பார்த்தாள். அவர்கள் ஜன்னல் இருட்டாக இருந்தது.

ஷிப்ராதி கல்லையும் பார்த்தாள், ஜன்னலையும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

கேலியாகவோ கோபமாகவோ அவள் அதைக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல் கேட்டாள். ஸ்மிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு மாஷி, போகாதே," என்றாள் ஸ்மிதா வங்காளியில். "எல்லாம் சரியாகிவிட்டதே."

"பெட்டியெல்லாம் கட்டியாயிற்று, மா," என்றாள் ஷிப்ராதி. "மனசையும் கட்டிவைத்துவிட்டேன். மறுபடி அவிழ்க்க இந்த வயதில் என்னால் முடியாது."

அவள் போன அன்று காலையில் சௌமிக் வந்து வெங்கடநாராயணன் காலைத் தொட்டு வணங்கினான். நல்ல பிள்ளை, ஒரு வார்த்தை கடினமாகப் பேசவில்லை. சுலோசனா வழிக்கு இட்லி கட்டிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டான். ஷிப்ராதி ஊருக்குப் போகும்போதெல்லாம் பால்கனியிலிருந்து இவளைக் கூப்பிட்டு, வீட்டுச் சாவியை இவளிடம் கொடுத்துவிட்டுப் போவது பழக்கம். இந்தத் தடவை சாவி சுதீப் பாபுவிடம் போயிற்று. கார் திரும்புகிறவரை சுலோசனா கேட்டருகே நின்றாள். அவளைக் கடந்து போகையில் ஷிப்ராதி கையை உயர்த்தினாள். காரின் கண்ணாடி ஏற்றியிருந்ததால் ஏதும் சொன்னாளா என்று தெரியவில்லை.

குளிர்காலம் போய் மாசி மாதத்தில், சுலோசனா வீட்டின் பின்பக்கம் காலியாகக் கிடந்த இடத்தில் ஓர் உடற்பயிற்சிக்கூடம் திறந்தார்கள். திறந்த அன்றே பெயர்ப்பலகை ஒன்று ஊதா வெளிச்சத்தில் எரியத் தொடங்கியது. சுலோசனாவின் சமையலறையும் பின்னறையும் கத்தரிப்பூ நிறமாயின.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். சுற்றிக்கொண்டு போனாள். உள்ளே ஒரு வாலிபன் டம்பெல்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"கேளப்பா, உன் பலகை வெளிச்சம் என் வீட்டுக்குள் வருகிறது. என் கணவருக்கு உடம்பு சரியில்லை. கடை அடைக்கும்போது அணைத்துவிட முடியுமா? இந்தப் பக்கம் ஒரு அட்டை வைத்து மறைத்தாலும் போதும்."

அவன் வெளியே வந்து, அண்ணாந்து பார்த்தான். "ஐயோ, அங்கே வீடு இருக்கிறதா? பார்க்கவே இல்லை மாஷிமா. ஸாரி. நாளைக்கே மறைப்புப் போட்டுவிடுகிறேன்." உள்ளே போய் ஸ்விட்சைத் தட்டினான். ஊதா அணைந்தது. "உட்காருங்கள், டீ சொல்லட்டுமா?" என்றான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினாள். மாடி வளைவில் ஒரு தரம் நின்றாள்.

வெங்கடநாராயணன் கதவருகே காத்திருந்தார். "சண்டை போட்டானா?"

"இல்லை."

"ஒத்துண்டானா?"

"கேட்ட உடனே ஒத்துண்டான்."

"அப்பறம் ஏன் அழறே, சுலோ?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். குழம்பு பாதியில் நின்றிருந்தது.